பெரியப்பாவைச் சாகடித்துப் போன ஜான்ட்

தாபோடி, புனே
5 மார்ச் 2003

அன்புள்ள கீர்த்திக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம்தான், அப்பாவுக்கு மூக்கில் மட்டும் வெயில் பட்டுத் தோல் உரிந்துகொண்டிருக்கிறது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை கிருஷ்ணாவும், உன் வயிற்றுக்குள் கால் நீட்டி உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரும்புச் சத்து மாத்திரை போட்ட கையோடு காபி குடிக்காதே. பனியில் நடக்கும்போது கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்காதே, சறுக்கினால் ஊன்றுவதற்குக் கை வேண்டும். போனில் நீ அங்கே ஒன்று சொல்ல, அது எனக்கு வந்து சேர்வதற்குள் நான் இங்கே வேறொன்று கத்த, பாதி நேரம் கேக்குதா கேக்குதா என்பதிலேயே போய்விடுகிறது. ஈமெயிலில் எனக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் எழுதினால் ட்யூஷன் டீச்சர் மாதிரி எழுதுகிறேன் என்று நீ சிரிக்கிறாய். அதனால்தான் கடிதம். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி, புரியாத இடத்தை மாப்பிள்ளையிடம் கேள், அவர் மதுரையில் படித்த பிள்ளை. கோயிலைப் பற்றி வரும் இடத்தை மட்டும் அவருக்குச் சத்தமாகவே படித்துக் காட்டு.

உன் ஈமெயிலை ஔந்தில் சைபர் கஃபேக்காரன் அச்சடித்துக் கொடுத்தான். பிரசவத்துக்கு நான் ஜூனில் வந்து டிசம்பர் வரை இருக்க வேண்டும் என்கிறாய், சரி. வேலை என்று நினைக்காதே அம்மா, ஒரு சின்ன ஜான்ட் என்று நினைத்துக்கொண்டு கிளம்பி வா என்று எழுதியிருக்கிறாய். மும்பையில் விசா ஆபீசர் எதற்குப் போகிறாய் என்று கேட்டால் பிரசவம், குழந்தை என்று வாயே திறக்கக் கூடாது, சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் எல்லாரும் சத்தியம் பண்ணிச் சொல்கிறார்களாம். உடனே பதில் போடு என்று கேட்டிருந்தாய், நான் போடவில்லை. அம்மா வருவாளா மாட்டாளா என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய், தெரியும். பதில் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. எனக்கும் நீ எழுதிய அந்தச் சொல்லுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் பதில் விளங்கும்.

பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் உன் அம்மா. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு தாபோடியில் பாதிப் பிள்ளைகளுக்கு இறந்தகாலம் நிகழ்காலம் சொல்லிக்கொடுப்பது தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றாலும் அகராதி பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஜான்ட் என்றால் இன்பத்துக்காகப் போய்வரும் சிறு பயணம் என்று போட்டிருந்தது. ஆறு மாதம் சிறு பயணமா? இன்பம் உண்டுதான், பேரப்பிள்ளை அல்லவா, ஆனால் அது பத்தியக் குழம்பு வைத்து, பாட்டில் கழுவி, துணி மடித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் கிடைக்கும் இன்பம். சரி, இதன் சொந்தக்காரச் சொற்களையும் பார்ப்போம் என்று யோசித்துக்கொண்டே மாவு அரைத்தேன். டூர் என்பது ஆபீசர்கள் படி வாங்கிக்கொண்டு போவது. எக்ஸ்கர்ஷன் என்பது காலேஜில் எங்களை இரண்டிரண்டு பேராக நிறுத்திக் கூட்டிப்போய் அணைக்கட்டைக் காட்டி, அது எத்தனை அடி என்று மறுநாள் கேள்வி கேட்டது. பிக்னிக் என்பது இங்கே அப்பாவின் செக்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் கடக்வாஸ்லா ஏரிக்குப் போவது, ஆண்கள் சீட்டாடுவார்கள், பெண்கள் காற்றில் அணையும் ஸ்டவ்வோடு பஜ்ஜி போடுவோம், அடுப்படிக்கே இடமாற்றம். ட்ரிப் என்பது தண்ணீர் லாரி அடிப்பது. எல்லாச் சொல்லும் கையில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இந்த ஜான்ட் மட்டும்தான் கையை வீசிக்கொண்டு நடக்கிறது. அதனாலேயோ என்னவோ பேப்பரில் இந்தச் சொல் வந்தால் யாரையோ திட்டுகிறார்கள் என்று அர்த்தம். மாநகராட்சிக் கார்ப்பரேட்டர்கள் சிங்கப்பூருக்குப் போனால், போனவர்கள் ஆய்வுப் பயணம் என்பார்கள், போகாதவர்கள் ஜான்ட் என்பார்கள். தன்னைப் பற்றிச் சொன்னால் கொஞ்சல், அடுத்தவனைப் பற்றிச் சொன்னால் ஏச்சு. இன்னும் பழைய அர்த்தம் ஒன்றும் போட்டிருந்தது, குதிரையை அங்கும் இங்குமாக ஓட்டிக் களைக்க வைப்பதற்குத்தான் முதலில் அந்தப் பெயராம். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப யாரைக் கேட்டு அர்த்தம் எழுதினாம்னு பாக்கணும், மேல இருந்தவனையா, குதிரையையா" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் போன ஊர்களை நினைத்துப் பார்த்தேன். மதுரைக்குப் போனது உன் அத்தை வளைகாப்புக்கு. திருச்செந்தூர் உனக்கு மொட்டை போட. சென்னை சித்தப்பாவின் ஆபரேஷனுக்கு. தாஜ்மகால்கூடப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது உன் மாமா டில்லியில் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட புண்ணியத்தில். யாராவது பிறக்க வேண்டும், கட்ட வேண்டும், உடைய வேண்டும், சாக வேண்டும், அப்போதுதான் எனக்கு ஜன்னலோர சீட். ஒரு தடவையாவது அகராதியில் சொன்னபடி போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்பாவிடம் மகாபலேஷ்வர் போவோம் என்றேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். கோயில் உண்டே, அபிஷேகத்துக்குச் சொல்லணுமா என்றார். கோயில் இருக்கிறது, நாம் அதற்குப் போகவில்லை என்றேன். "அப்ப என்னத்துக்குளா போறோம்?" "சும்மா." அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏளா வேதா, டாக்டர் எதுவும் சொன்னாரா? எங்கிட்ட மறைக்காத" என்றார். ஒரு பெண்பிள்ளை சும்மா ஊருக்குப் போக ஆசைப்படுகிறாள் என்றால் அவளுக்கு நாள் குறித்தாயிற்று என்றுதான் அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு ஒரு நோயும் இல்லை என்று நம்ப வைப்பதற்குள் நிஜமாகவே தலை வலித்தது.

ஒருவழியாகச் சரி என்றார், மறுநாள் ஃபேக்டரியில் ஃபோர்மேனிடம் லீவு கேட்கப் போனார். அங்கே நடந்தது எனக்கு ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும், ஆனால் உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். லீவு எதற்கு என்று ஃபோர்மேன் கேட்டிருக்கிறார். சுற்றிப் பார்க்க என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழும்பவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் காய்ச்சல், கல்யாணம், சாவு இந்த மூன்றுக்குத்தான் லீவு கேட்டிருக்கிறார். காய்ச்சலுக்கு உடம்பு சுட வேண்டும், கல்யாணத்துக்குப் பத்திரிகை காட்ட வேண்டும், மிச்சம் இருந்தது ஒன்றுதான். "மேரா படா பாப் ஆஃப் ஹோ கயா" என்றிருக்கிறார். பெரியப்பா இறந்துவிட்டார் என்பதை, உனக்குத் தெரியாததா, இங்கே டியூப்லைட்டைச் சொல்வதுபோல்தான் சொல்வார்கள். ஃபோர்மேன் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டாராம். இதில் அப்பாவின் நேர்மையை நீ கவனிக்க வேண்டும், உயிரோடு இருப்பவர் யாரையும் சாகடிக்க அவருக்கு மனம் வரவில்லை, அம்பாசமுத்திரத்தில் ஏழெட்டு வருஷத்துக்கு முன்பே காலமான பெரியப்பாவையே மறுபடியும் சாகடித்திருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் நான் ஸ்வார்கேட்டில் சந்தோஷமாக பஸ் ஏறினேன். அப்பா புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, டார்ச் லைட், கனத்த போர்வை, துண்டு இரண்டு என்று காசிக்குப் போகிற மாதிரி கட்டிக்கொண்டு வந்தார். மலைமேல் முதல் பாயின்ட்டில் போய் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தார், பார்த்தாச்சு, அடுத்து என்றார். அடுத்து ஒன்றும் இல்லை, இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியதுதான் என்றேன். அவரால் முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் மார்க்கெட்டில் எங்கேயோ வேலூர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, சாயங்காலம் அவர் வீட்டுக்குக் காபிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்து நின்றார். நான் வரமாட்டேன் என்றதும் முகம் வாடிவிட்டது. ஒரு ஊருக்கு வந்துவிட்டு ஒரு வீட்டில்கூடக் காபி குடிக்காமல் திரும்பினால் ஊர் என்ன நினைக்கும் என்கிறார், அந்த ஊருக்கே நாம் யாரென்று தெரியாது. மறுநாள் அவரைப் பேசிப் பேசிக் குதிரையில் ஏற்றிவிட்டு நான் ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்தேன். முதலில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை கீர்த்தி. கீரை ஆய, அரிசி புடைக்க, நோட்டுத் திருத்த என்று ஏதாவது மடியில் கிடந்தே பழகிய கை. முந்தானையை மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் மடித்தேன். பிறகு மூடுபனி விலகிக் கீழே ஆறு தெரிந்தது, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ. அந்த நேரத்தில் நான் உன்னை நினைக்கவில்லை. உன் பிரசவத்தை, அப்பாவின் பிரஷரை, ஊற வைக்காமல் வந்த உளுந்தை, எதையும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. அம்மாவின் தலைக்குள் அப்படி ஒரு காலி அறை இருக்கிறது என்று அம்மாவுக்கே அன்றுதான் தெரியும், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. குதிரையிலிருந்து இறங்கிய அப்பா மூக்கு சிவந்து, மகாபலேஷ்வர் என்று சிவப்பு எழுத்தில் எழுதிய வெள்ளைத் தொப்பியோடு வந்தார். அவருக்கும் பிடித்துவிட்டது, அதை ஒப்புக்கொள்ளாமல் குதிரையின் வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கைகொள்ளாத ஸ்ட்ராபெரியோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நம் மாடிப்படியில் கூட்டம். அப்பாவோடு வேலை செய்யும் சவரிமுத்து, அடுத்த பில்டிங்கில் இருக்கிற அவர் மனைவி செல்வமேரி, தமிழ்ச் சங்கம் ரங்கராஜன், செக்ஷன்காரர்கள் சிலர். எல்லார் முகமும் கல் மாதிரி. நான் பாட்டுக்கு வாங்க வாங்க என்று சிரித்தேன். சவரிமுத்து வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்பா தொப்பியைத் தலையிலிருந்து எடுத்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உள்ளே போனதும் அதை நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார், கடைசிவரை எழவில்லை. "வயசாயிட்டு, கஷ்டப்படாம போயிட்டாவோ" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு யாரோ செத்திருக்கிறார்கள் என்று புரிந்தது, யார் என்று இன்னும் புரியவில்லை. சவரிமுத்துவுக்கும் ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, ஒங்க பெரியப்பாவுக்குன்னு முன்னாலயே ஒருக்க ஒங்கள ஸ்டேஷன்ல கொண்டு விட்டேனே?" என்றார். அது மூத்தவர், இவர் நடுப் பெரியப்பா என்றார் அப்பா, முகத்தில் ஒரு சலனம் இல்லை. ரங்கராஜன் பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், அவருக்குக் கணக்கு இடித்தது. "ஏன் ஸார், அதுக்குள்ள திருநெல்வேலி போயிட்டு வந்துட்டேளா?" இல்லை, இங்கே மகர்பட்டாவில் மகன் வீட்டில் வைத்துத்தான் என்று அப்பா அந்தப் பெரியப்பாவுக்கு ஒரு மகனையும் ஒரு ஃபிளாட்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுத்தார். எந்த டவர் என்று ரங்கராஜன் கேட்டார். அப்பா துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார், அழுகை என்று நினைத்து எல்லாரும் சும்மா இருந்துவிட்டார்கள்.

நான் சமையலறைக்குள் ஓடிப்போய்க் கதவு மறைவில் நின்று சிரித்தேன். பின்னாலேயே செல்வமேரி, நான் அழுகிறேன் என்று நினைத்துத் தேற்ற வந்திருக்கிறாள். தோளைத் தொட்டவள் என் முகத்தைப் பார்த்தாள், மேடையில் பையிலிருந்து சிவப்பாக வழிந்துகொண்டிருந்த ஸ்ட்ராபெரியைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது. "எக்கா, துஷ்டி வீட்ல இப்ப இதத்தான் குடுக்காவளா?" என்றாள். ரகசியத்தை வெளியே விடாமல் இருக்க ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டாள், அதோடு விடவில்லை. "அடுத்த சாவு எப்பன்னு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்க, நானும் வாரேன். ஒங்க பக்கம் ஆளு தீந்துட்டுன்னா எங்க வீட்டுக்காரருக்கு மாமாவே நாலு பேரு உண்டு." துக்கம் கேட்க வந்த இடம் என்பதால் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவளும் அப்படியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முந்தானைக்குள் டப்பாவோடு இறங்கிப் போனாள்.

தண்டனை அதற்குப் பிறகுதான் வந்தது. பங்காளிச் சாவு, பதினாறு கழியாமல் சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது என்று ரங்கராஜன் சங்கத்தில் சொல்லிவிட்டார். கட்கி கோயில் சிவராத்திரி சுண்டல் வருஷா வருஷம் அப்பாவின் கைதான், உனக்குத் தெரியும். இந்த வருஷம் பரமசிவம் என்று பெயர் வைத்துக்கொண்டு பரமசிவன் கோயிலுக்குள் போக முடியாமல் அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தார். சுண்டலில் உப்புப் போதவில்லை என்று யாரோ வந்து சொன்னபோது அவர் முகத்தில் நிஜமான துக்கம் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்களேன் என்றேன். "செத்தாருன்னு சொன்னா மரியாதையா பாக்கான், சும்மா போனேன்னு சொன்னா சிரிப்பான்" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா சந்தோஷத்துக்குப் போக அதைச் சாவு என்று சொன்னார். நீ என்னை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு அதைச் சந்தோஷம் என்று சொல்லச் சொல்கிறாய். இரண்டும் ஒரே ரத்தம்தான். பிரசவத்துக்கு வரமாட்டேன் என்று நான் சொல்வேனா, பெற்றவள் நான். மருந்துப் பொடி இடிக்கச் சொல்லிக் கொடுத்தாயிற்று. வேலையை வேலை என்று சொன்னால் எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை, டிசம்பர் வரை முதுகு ஒடியச் செய்வேன், முனகக்கூட மாட்டேன். ஆனால் அதற்கு ஜான்ட் என்று பெயர் வைக்காதே. அந்தப் பெயருக்கு உரியது வேறு ஒன்று, அது எனக்குத் தனியாக வேண்டும். ஜூனில் அல்ல, மே மாதம் பாதியிலேயே வருகிறேன். வந்ததும் முதல் ஒரு வாரம் நான் அம்மா இல்லை, சுற்றிப் பார்க்க வந்தவள். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, உன் உடம்புக்கு ஒத்துவருகிற தூரத்தில் எங்காவது கூட்டிப் போங்கள். பெரிய ஊர் வேண்டாம், ஒரு ஏரியும் உட்கார ஒரு பெஞ்சும் போதும். மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு: பிட்ஸ்பர்க் கோயிலுக்கு வண்டியைத் திருப்பக் கூடாது. வழியில் அவருடைய சிநேகிதர் வீடு என்று எங்கேயும் இறக்கிவிடக் கூடாது. நான் இட்லி கட்டமாட்டேன், பசித்தால் அவர் ஏதாவது வாங்கித் தரட்டும். பெஞ்சில் நான் சும்மா உட்கார்ந்திருந்தால், அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் இரண்டு பேரும் குசுகுசுக்கக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் விசா ஆபீசரிடம் முதலில் சுற்றிப் பார்க்கப் போகிறேன், பிறகு மகளுக்குப் பிரசவம் என்று தலை நிமிர்ந்து சொல்வேன், அவன் கொடுக்கட்டும், கொடுக்காமல் போகட்டும், இரண்டும் உண்மை. சம்மதம் இல்லை, நேரமில்லை, லீவில்லை என்றால் அப்போதும் கிளம்பி வரத்தான் பார்ப்பேன், ஆனால் எதற்குப் போகிறாய் என்று அவன் கேட்டதும் வேலைக்கு என்று ஒரே வார்த்தைதான் சொல்வேன். சுற்றுலா விசா கேட்டுப் போனவள் அப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று மாப்பிள்ளையின் சிநேகிதர்களையே கேட்டுக்கொள்.

இடது பக்கமாகத் திரும்பிப் படு. கனமான பை எதையும் தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல், அவருக்கும் பழக வேண்டும். நீயும் அவரும் பிறக்கப்போகிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், காரணம் இருந்தும் இல்லாமலும் நாலு இடம் போய்வந்து நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். விசாவுக்கு நான் இன்னும் தேதி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சௌக்கியமா என்று ஆரம்பிக்காதே, எங்கே கூட்டிப் போகிறாய் என்று முதலில் ஊர்ப் பெயரைச் சொல்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
வேதநாயகி